இந்திய மலைப்பாம்பா, பர்மிய மலைப்பாம்பா? கண்ணுக்குக் கீழே பாருங்கள்

மலைப்பாம்பைப் படம் எடுத்துவிட்டு "இது இந்திய வகையா, பர்மிய வகையா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது சுருண்டு கிடக்கும் உடம்பின் படத்தைத்தான். அது இயல்பு. உடம்பு பெரியது, அழகானது, பார்த்தவுடன் கண்ணில் படுவது. ஆனால் இந்த இரண்டையும் பிரிக்கிற மிக உறுதியான அடையாளம் விரல்நகம் அளவுகூட இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறது. கண்ணுக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள இடம் அது. தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று தெளிவாகக் கிடைத்தால், பல நேரம் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

புதிதாகப் பாம்பு பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள், மீட்புப் பணியில் உதவுபவர்கள், காட்டுக்குப் போய்ப் படம் எடுப்பவர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடம் வேண்டாம், பாம்பைத் தொடவும் வேண்டாம். கேமராவோ, ஓரளவு நல்ல படம் எடுக்கும் போனோ இருந்தால் போதும். அப்புறம் கொஞ்சம் பொறுமை.

பெயரில் இருக்கும் குழப்பம்

மலைப்பாம்புக்கு மாசுணம் என்று பழந்தமிழிலேயே பெயர் உண்டு. அறிவியல் பெயர் வந்தது 1758இல். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த மொலூரஸ் என்ற பெயர்தான் இன்றைக்கும் இந்திய மலைப்பாம்புக்கு இருக்கிறது: பைத்தான் மொலூரஸ். 1820இல் கூல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் பிவிட்டாட்டஸ் என்ற பெயரைக் கொடுத்தார். இரண்டு பட்டை கொண்டது என்று அதற்குப் பொருள். அதுதான் பர்மிய மலைப்பாம்பு.

நீண்ட காலம் இவை ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களாக எண்ணப்பட்டன. பழைய கையேடுகளில் பைத்தான் மொலூரஸ் மொலூரஸ், பைத்தான் மொலூரஸ் பிவிட்டாட்டஸ் என்று மூன்று சொல் பெயர்கள் இருக்கும். 2009இல் ஜேக்கப்ஸ், அவுலியா, போமே ஆகிய மூவரும் பர்மிய வகையைத் தனி இனமாக உயர்த்தினார்கள். இரண்டும் ஒரே பகுதியில் வாழும் இடங்களில்கூட ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகவே இருக்கின்றன என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானது. அதே கட்டுரையில் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் குட்டையான பர்மிய மலைப்பாம்பை புரோக்ஷாய் என்ற துணையினமாகவும் பிரித்தார்கள்.

இலங்கை மலைப்பாம்புகளை பிம்புரா என்ற பெயரில் ஒரு துணையினமாகப் பிரித்தவர்களும் உண்டு. மலைப்பாம்புக்குச் சிங்களத்தில் உள்ள பெயர்தான் அது. இன்றைய வகைப்பாட்டில் அந்தப் பிரிவு ஏற்கப்படுவதில்லை. இலங்கைப் பாம்பும் இந்திய மலைப்பாம்புதான். ஆகவே பழைய நூலில் மூன்று துணையினம், புது நூலில் இரண்டு இனம் என்று பார்த்துத் திகைக்க வேண்டாம். பாம்புகள் அதேதான், பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வன உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இந்திய மலைப்பாம்பு முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. அதாவது நாடு விட்டு நாடு வணிகம் கிட்டத்தட்ட முழுத் தடை. பர்மிய மலைப்பாம்பு இரண்டாம் பின்னிணைப்பில். அனுமதிச் சீட்டோடு வணிகம் நடக்கலாம். ஒரு பெட்டியில் வரும் பாம்போ தோலோ எது என்று சொல்லத் தெரியாவிட்டால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும். மீட்கப்பட்ட பாம்பை எந்தக் காட்டில் விடுவது என்ற கேள்வியும் இதே அடையாளத்தில்தான் தொங்குகிறது. தவறான இடத்தில் விட்ட பாம்பைத் திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது.

முதலில், அது மலைப்பாம்புதானா?

இதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிக்கும் பாம்புகளில் ஒன்று அது. தூரத்தில் நின்றே பாருங்கள்.

கண்ணாடி விரியனின் முதுகில் முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாக, சங்கிலி கோத்ததுபோல ஒழுங்காக ஓடும். மலைப்பாம்பின் திட்டுகளில் அந்த ஒழுங்கு கிடையாது. ஒன்று பெரிது, அடுத்தது கோணல், அதற்கடுத்தது இரண்டாகப் பிளந்தது என்று, கிழித்து ஒட்டிய துணித்துண்டுகள் மாதிரி இருக்கும். விரியனின் செதில்கள் நடுவில் வரம்பு எழும்பி, சொரசொரப்பாக, பளபளப்பு இல்லாமல் தெரியும். மலைப்பாம்பின் செதில்கள் வழுவழுப்பானவை. வெயில் பட்டால் நீலமும் பச்சையுமாக மினுங்கும். விரியனின் தலை முழுக்கப் பொடிச் செதில்கள். மலைப்பாம்புக்கு மூக்குப் பக்கம் பெரிய தட்டுச் செதில்கள் இருக்கும், மேலுதட்டின் முன்பகுதியில் சின்னக் குழிகளும் இருக்கும். அந்தக் குழிகள் வெப்பத்தை உணர்பவை.

கண்மணி செங்குத்தாகப் பிளந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மண்ணுளிப் பாம்பும் இந்தக் குழப்பத்தில் சேரும். குட்டை வால், மிகச் சின்னக் கண், உதட்டில் குழி இல்லை என்ற மூன்றையும் கவனித்தால் பிரித்துவிடலாம்.

நிக்கோபார் தீவுகளிலோ வடகிழக்கிலோ இருக்கிறீர்கள் என்றால் வலைத்தோல் மலைப்பாம்பையும் மனதில் வையுங்கள். நாம் பேசும் இரண்டு வகைக்கும் தலை உச்சியில் இருக்கும் அம்பு வடிவம் அதற்கு இருக்காது; நடு உச்சியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மட்டும் ஓடும். கண் ஆரஞ்சு நிறம். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

எங்கே கிடைத்த பாம்பு?

இடம் உங்களுக்கு முதல் ஊகத்தைக் கொடுக்கும். ஆனால் அது ஊகம் மட்டும்தான்.

இந்திய மலைப்பாம்பு பாகிஸ்தானின் சிந்து வெளியிலிருந்து இந்தியா முழுக்கப் பரவி, இலங்கை, நேபாளத்தின் தெற்குப் பகுதி, வங்கதேசம் வரை இருக்கிறது. பர்மிய மலைப்பாம்பு வடகிழக்கு இந்தியா, நேபாளம், வங்கதேசத்திலிருந்து மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், தென் சீனா என்று போய், ஜாவா, பாலி, சுலாவெசித் தீவுகளிலும் இருக்கிறது. நடுவில் உள்ள மலேயத் தீபகற்பத்திலும், சுமத்ராவிலும், போர்னியோவிலும் மட்டும் இல்லை. அந்த இடைவெளி எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆகவே மாயாற்றுப் பள்ளத்தாக்கிலோ பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவிலோ பார்த்த காட்டுப் பாம்பு இந்திய மலைப்பாம்பாகத்தான் இருக்கும். மியான்மரில் பார்த்தது பர்மிய வகை. சிக்கல், இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும்தான். அங்கே இடத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.

இன்னொரு சிக்கல், மனிதர்கள் கொண்டு வந்து விட்டவை. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் இன்று பெருகிக் கிடக்கும் மலைப்பாம்புகள் வளர்ப்பிலிருந்து வந்தவைதான். கூண்டிலோ, வீட்டிலோ, சரக்குப் பெட்டியிலோ இருந்த பாம்பு என்றால் இடத்தைப் பற்றிய ஊகத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று படங்கள்

நேரில் நின்று செதில் எண்ண வேண்டியதில்லை. மூன்று படம் எடுத்துக்கொண்டு வந்து, பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள்.

முதல் படம், தலையின் பக்கவாட்டு. கேமராவும் பாம்பின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து சரிவாக எடுத்தால் உதட்டின் மேல்விளிம்பு மறைந்துபோகும், நமக்கு வேண்டியதே அதுதான். முடிந்தால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டாவது, நேர் மேலிருந்து தலை உச்சி. மூன்றாவது, உடம்பின் நடுப்பகுதியின் விலா. முதுகு இல்லை, விலா.

பாம்புக்கு அருகில் போகாமல் தொலைவிலிருந்தே ஜூம் செய்து எடுங்கள். மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லைதான். ஆனால் பின்னோக்கி வளைந்த பற்கள் வரிசையாக இருக்கின்றன, கடித்தால் ஆழமாகக் கிழியும். இந்தியாவில் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கும்கூட. படத்துக்காகப் பிடிப்பதும் தலையை அமுக்கிக் காட்டுவதும் குற்றம். ஊருக்குள் வந்த பாம்பு என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் பையில் போடும் முன் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

குளிர்காலக் காலை வெயில் நல்ல நேரம். கேவலாதேவில் முள்ளம்பன்றி வளைகளில் ஒதுங்கும் மலைப்பாம்புகள் அப்போது வெளியே வந்து வெயில் காயும். அசையாமல் கிடக்கும், வெளிச்சமும் சாய்வாக விழும்.

கண்ணும் உதடும்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்குங்கள். வாயின் மேல்விளிம்பு நெடுக, மூக்கு நுனியிலிருந்து தாடை மூலை வரை, செதில்கள் ஒரே வரிசையாகச் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். இவை மேலுதட்டுச் செதில்கள். மூக்கு நுனியில் நடுவாக இருக்கும் ஒற்றைச் செதிலை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதற்கு அடுத்ததிலிருந்து 1, 2, 3 என்று எண்ணுங்கள். முதல் இரண்டிலும் ஆழமான வெப்பக் குழி இருக்கும், அதனால் எங்கே தொடங்குவது என்பதில் தவறு வராது.

எண்ணிக்கொண்டே போனால் 6ஆவது, 7ஆவது செதில் வரும்போது சரியாகக் கண்ணுக்குக் கீழே இருப்பீர்கள். அங்கே நில்லுங்கள்.

இந்திய மலைப்பாம்பில் அந்த இரண்டில் ஒன்றாவது மேலே நீண்டு கண்ணைத் தொடும். உதட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை. பர்மிய மலைப்பாம்பில் அப்படித் தொடாது. கண்ணுக்கும் உதட்டுச் செதிலுக்கும் இடையில் சின்னச் செதில்களின் வரிசை ஒன்று குறுக்கே ஓடும். இவற்றைக் கண்கீழ்ச் செதில்கள் என்போம்.

நினைவில் வைத்துக்கொள்ள நான் ஒரு கிணற்றை நினைத்துக்கொள்வேன். கண்தான் கிணறு. பர்மிய மலைப்பாம்பின் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் முழுதாக இருக்கிறது. சின்னச் சின்னக் கற்கள் வட்டம் முழுக்க அடுக்கியிருக்கின்றன. இந்திய மலைப்பாம்பின் கிணற்றில் கீழ்ப்பக்கச் சுவர் இல்லை. உதட்டுச் செதில் நேராக உள்ளே வந்து விளிம்பைத் தொட்டு நிற்கிறது. சுவர் முழுதா, கீழே திறந்திருக்கிறதா? கேள்வி இவ்வளவுதான்.

இந்த அடையாளத்தின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் உண்டு. நிறம் வெளிச்சத்துக்கு மாறும், வயதுக்கு மாறும், சட்டை உரிக்கும் நாள் நெருங்கினால் மாறும். செதில்களின் அடுக்கு மாறாது. முட்டையிலிருந்து வரும்போது எப்படியோ, கிழமாகும்போதும் அப்படியேதான். பாம்பு வளர வளரச் செதில் பெரிதாகும். எண்ணிக்கை கூடாது, இடம் மாறாது. குட்டி, பெரியது, வெளுத்த பாம்பு, இறந்த பாம்பு எதற்கும் இது பயன்படும்.

தொடங்குபவர்கள் வழுக்கும் இடங்களும் இங்கே உண்டு. கண்ணைச் சுற்றியுள்ள கருநிறப் பட்டையின் ஓரத்தைச் செதில் ஓரம் என்று நினைத்துவிடுவார்கள். நிறத்தின் எல்லை வேறு, செதிலின் எல்லை வேறு. ஒரே செதிலில் பாதி கறுப்பாகவும் பாதி வெளுப்பாகவும் இருக்கலாம். செதில்களுக்கு இடையே உள்ள மெல்லிய பள்ளக்கோட்டைத் தேடுங்கள். அது தெரியாத அளவுக்குப் படம் மங்கலாக இருந்தால், இந்தப் படியில் முடிவு எடுக்காமல் அடுத்த அடையாளத்துக்குப் போங்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் கற்பனை செய்து நிரப்புவதுதான் இந்த வேலையில் வரும் பெரிய தவறு. ஒரு பக்கம் காயமோ வடுவோ இருந்தால் மறுபக்கத்தையும் பாருங்கள்.

தலைமேல் அம்பு

இரண்டு பாம்புக்கும் தலை உச்சியில் கரும்பழுப்பு நிறத்தில் அம்புமுனை வடிவம் இருக்கும். கூர்முனை மூக்கை நோக்கியிருக்கும். இருக்கிறதா இல்லையா என்பதில் வேறுபாடு இல்லை, எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான்.

பர்மிய வகையில் அம்பு முழுதாக இருக்கும். பிடரியில் அகலமாகத் தொடங்கி, கண்களுக்கு நடுவில் குறுகி, மூக்கு நுனி வரை அதே அடர்த்தியோடு போகும். தூரத்திலிருந்து பார்த்தாலே வரைந்து வைத்ததுபோல இருக்கும். இந்திய வகையில் பிடரிப் பக்கம் தெளிவாக இருக்கும் அம்பு, கண்ணைத் தாண்டும்போது கரைந்துவிடும். மூக்குப் பக்கம் வெளிறி, பல பாம்புகளில் லேசான இளஞ்சிவப்பாகத் தெரியும். மை தீர்ந்துபோன பேனாவில் இழுத்த கோடுபோல, முன்னால் போகப் போக மங்கும்.

மேலிருந்து எடுத்த படம் இருந்தால் இதைப் பார்ப்பது எளிது. ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மூக்குப் பகுதி வெளுத்துவிடும். அப்போது பர்மிய வகையின் அம்பும் கரைந்ததுபோலத் தோன்றலாம். அதனால் ஃபிளாஷ் இல்லாமலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலாவில் ஜன்னல்

முதுகின் நடுவே போகும் பெரிய திட்டுகளை விட்டுவிட்டு, அதற்குக் கீழே விலாவில் இருக்கும் சிறிய திட்டுகளைப் பாருங்கள். இந்திய மலைப்பாம்பில் அந்தத் திட்டுகளின் நடுவில் வெளிர்நிறம் இருக்கும். கருப்பு ஓரம் கட்டி நடுவில் வெளிச்சம் விட்டதுபோல, சின்ன ஜன்னல்கள் வரிசையாக இருப்பதுபோலத் தெரியும். பர்மிய வகையில் விலாத் திட்டுகள் பொதுவாக உள்ளே அடர்ந்தே இருக்கும்.

முதுகையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பர்மிய வகையின் முதுகுத் திட்டுகள் பெரியவை, சதுரம் சதுரமாக நெருங்கியிருப்பவை. நடுவில் உள்ள வெளிர்நிறம் ஒடுங்கிய கோடுகளாகிவிடும்; ஒட்டகச்சிவிங்கியின் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய வகையில் இடைவெளி அகலம், ஓரங்களும் அவ்வளவு திருத்தமாக இருக்காது.

விலா அடையாளம் நல்ல துணை. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நிறம் கடைசியில்

ஜெர்மானியர்கள் இந்த இரண்டையும் வெளிர் புலி மலைப்பாம்பு, கரும் புலி மலைப்பாம்பு என்ற பொருளில் அழைக்கிறார்கள். பெயர் சுருக்கமாக, கேட்க நன்றாக இருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் உண்மையும்கூட. இந்திய வகை சாம்பல், மஞ்சள் கலந்த பழுப்பு என்று வெளிறியது. பர்மிய வகை அடர்ந்த காப்பிநிறம். ஆனால் கையில் உள்ள ஒரே ஒரு பாம்பை வைத்துப் பார்க்கும்போது இதுதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது.

காரணம், இந்திய மலைப்பாம்புக்குள்ளேயே நிறம் அவ்வளவு மாறுகிறது. தக்காணத்துப் பீடபூமியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் வாழ்பவை வெளிறியவை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அசாமிலும் வாழ்பவை கறுத்தவை. ஈரக் காட்டில் கருத்த பாம்பைப் பார்த்துப் பர்மிய வகை இங்கே வந்துவிட்டது என்று பதறுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டை உரிக்கும் முன் எந்தப் பாம்பும் மங்கித்தான் இருக்கும். கண்ணும் பால் படிந்ததுபோல நீலம் பூத்திருக்கும். உரித்த மறுநாள் அதே பாம்பு புது வெண்கலப் பாத்திரம் மாதிரி மின்னும்.

நீளமும் அப்படித்தான். பர்மிய வகை 5 மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது, இந்திய வகை பெரும்பாலும் 3 மீட்டர் அளவில் நின்றுவிடும். ஆனால் 2 மீட்டர் பாம்பு ஒன்று உங்கள் முன்னால் கிடந்தால் அது எதுவாகவும் இருக்கலாம்.

வளர்ப்புப் பாம்பும் கலப்பும்

பர்மிய மலைப்பாம்பை உலகம் முழுக்க வளர்க்கிறார்கள். வளர்ப்பில் வெள்ளையும் மஞ்சளுமான நிறமிழந்த வகை மிகப் பிரபலம். கண்காட்சிகளில் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்களே, அந்த மஞ்சள் பாம்பு பெரும்பாலும் அதுதான். கறுப்பு போய்விட்டதால் விலா ஜன்னலும் நிறமும் இங்கே உதவாது. உற்றுப் பார்த்தால் அம்பின் வடிவம் மஞ்சளில் மூக்கு நுனி வரை தெரியும். கண்கீழ்ச் செதில்கள் எப்போதும்போல இருக்கும்.

கலப்பு வேறு விஷயம். காட்டில் ஒன்றுசேராத இரண்டும் கூண்டில் சேரும், முட்டையிட்டுக் குட்டியும் பொரிக்கும். ஃபுளோரிடாவின் மலைப்பாம்புகள் சுமார் 400இன் மரபணுவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், தோற்றத்தில் பர்மிய வகையாக இருந்தவற்றில் 13 பாம்புகள் இந்திய மலைப்பாம்பின் தாய்வழி மரபணு அடையாளத்தைச் சுமந்திருந்தன. எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் கண் அதைக் கண்டுபிடித்திருக்காது. ஆகவே வளர்ப்பிலிருந்து வந்த பாம்பில் அடையாளங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், உதாரணமாக உதடு கண்ணைத் தொடுகிறது ஆனால் அம்பு மூக்கு வரை முழுதாக இருக்கிறது என்றால், பெயரை வலிந்து ஒட்டாதீர்கள். கலப்பாக இருக்கலாம் என்று எழுதி வையுங்கள்.

நெருங்கிய மலைப்பாம்பு வகைகளைப் பிரிக்கச் செதிலை நம்புவது இந்த இரண்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஆப்பிரிக்காவின் பெரிய பாறை மலைப்பாம்பும் தெற்கே வாழும் அதன் உறவும் முன்பு ஒரே இனத்தின் துணையினங்களாக இருந்தவை. தெற்கத்தியதில் தலை உச்சித் தட்டுகள் பொடிப்பொடியாக உடைந்திருக்கும், வடக்கத்தியதில் பெரிதாக இருக்கும்.

சட்டையை வீணாக்காதீர்கள்

பாம்பே இல்லாமல் அது உரித்துப்போட்ட சட்டை மட்டும் கிடைத்தாலும் வேலை நடக்கும். மலைப்பாம்பின் சட்டையில் செதில்கள் ஒன்றுவிடாமல் பதிந்திருக்கும். திட்டுகளின் சாயல்கூட மங்கலாகத் தெரியும். தலைப்பகுதிதான் வேண்டும், அதுதான் முதலில் கிழிந்து நசுங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெதுவாக விரித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வட்டமாகத் தெரிவது கண்ணை மூடியிருந்த செதில். அதன் கீழ்விளிம்பை உதட்டுச் செதில் தொடுகிறதா என்று பாருங்கள். சட்டை உரியும்போது இழுபட்டு நீண்டிருக்கும், ஆகவே அதை அளந்து பாம்பின் நீளம் இவ்வளவு என்று சொல்லிவிடக் கூடாது.

செய்து பார்ப்போம்

மாயாற்றங்கரையில் எடுத்த படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பாம்பு கருத்திருக்கிறது, திட்டுகள் நெருங்கியிருக்கின்றன. அனுப்பியவர் பர்மிய வகை என்று எழுதியிருக்கிறார். பக்கவாட்டுப் படத்தில் 7ஆவது உதட்டுச் செதில் கண்ணைத் தொடுகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அம்பு கண்ணைத் தாண்டியதும் கரைகிறது. இது கருத்த இந்திய மலைப்பாம்பு, சந்தேகமே இல்லை.

இன்னொன்று, நேபாளத் தராய்ப் பகுதியில் வயலோரம் கிடந்த பாம்பு. இரண்டு வகையும் இருக்கும் நிலம். தலை புல்லுக்குள் மறைந்திருக்கிறது, விலா மட்டும் தெரிகிறது. திட்டுகளின் நடுவே வெளிர் ஜன்னல்கள் இருக்கின்றன. இங்கே "இந்திய மலைப்பாம்பாக இருக்கலாம், விலாவை மட்டும் வைத்துச் சொன்னது" என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

மூன்றாவது, ஒரு பழைய வீட்டுக் கூண்டிலிருந்து மீட்ட பாம்பு. ஒரு பக்கப் படத்தில் கண்ணுக்குக் கீழே சின்னச் செதில் வரிசை முழுதாக ஓடுகிறது, மறுபக்கமும் அப்படியே. அம்பு மூக்கு நுனி வரை அடர்த்தியாக இருக்கிறது. விலா ஜன்னல் இல்லை. எல்லாமே ஒரே திசையில் கைகாட்டுகின்றன: பர்மிய மலைப்பாம்பு. மீட்டவர்கள் அருகில் இருக்கும் காட்டில் விட்டுவிடலாமா என்று கேட்டால், கூடாது என்று உடனே சொல்லுங்கள்.

பதிவு எழுதும்போது இனத்தின் பெயரோடு எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்: "இடப்பக்கம் 6ஆவது உதட்டுச் செதில் கண்ணைத் தொடுகிறது, அம்பு முன்னால் மங்கல், நாள், இடம்." பக்கவாட்டுப் படத்தையும் அதோடு வையுங்கள். பத்து வருடம் கழித்து வகைப்பாடு மறுபடி மாறினாலும், அந்த ஒரு வரியும் அந்தப் படமும் இருந்தால் பாம்பைப் பார்க்காத ஒருவரால்கூட உங்கள் பதிவைத் திரும்பச் சரிபார்க்க முடியும்.